பத்து ஏக்கர் காடு எங்கே நிற்கிறது?



இன்று ஒரு கணக்கோடு தொடங்குவோம். கணக்கு என்றதும் பிள்ளைகள் வானொலிப் பெட்டியை அடைத்துவிட வேண்டாம். எளிய கணக்குதான். ஒரு தோட்டத்தில் செம்பனை நட்டது போகப் பத்து ஏக்கர் காடு மிஞ்சி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து ஏக்கர் என்பது ஏறத்தாழ நான்கு ஹெக்டர். அதாவது 40,000 சதுர மீட்டர். அந்தக் காட்டினால் தோட்டத்து மக்களுக்கு என்ன நன்மை?

இந்தக் கேள்விக்கு இப்போதே விடை சொல்லிவிட முடியாது. அந்தப் பத்து ஏக்கர் எந்த இடத்தில், என்ன வடிவில், எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் சொல்லலாம். காடு எவ்வளவு இருக்கிறது என்று கேட்க நாம் பழகியிருக்கிறோம். எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. நம் கையில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான் என்னும்போது, இரண்டாவது கேள்விதான் பெரிய கேள்வி.

முதலில் அந்தக் காட்டைத் தோட்டத்தின் ஒரு மூலையில், சமதரையில், சதுரமாக நிறுத்திப் பார்ப்போம். பக்கத்துக்கு 200 மீட்டர். சுற்றி வந்தால் 800 மீட்டர். பறவைகள் வந்து தங்கும். நடுப்பகுதி ஓரளவு குளிர்ச்சியாக இருக்கும். மண்ணையும் தண்ணீரையும் பொறுத்தவரை அதற்கு அங்கே அதிக வேலையில்லை. சமதரை மண் மழைக்கு அவ்வளவாக ஓடுவதில்லை.

அதே காட்டைத் தூக்கிச் செங்குத்தான மேட்டின் மேல் வைப்போம். 25 பாகைக்கு மேல் சரிந்த நிலத்தில் செம்பனை நடலாகாது என்பது நம் நாட்டில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட வரம்பு. அத்தகைய சரிவில் காடு நின்றால், மழைத்துளி முதலில் இலையில் விழுகிறது, பிறகு தரையில் கிடக்கும் சருகில் விழுகிறது, அதன்பின் வேர் வழியாக மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. மழை நின்று பல நாளாகியும் அடிவாரத்து ஊற்றில் தண்ணீர் கசிவதற்கு இதுவே காரணம். சரிவை மொட்டையடித்தால் தண்ணீரும் மண்ணும் சேர்ந்தே அல்லூருக்கு வந்துவிடும். சில வேளைகளில் லயத்து வாசலுக்கும் வரும்.

மூன்றாவதாக, அதை ஓர் ஓடையின் இரு கரைகளிலும் நீளமாக விரித்துப் போடுவோம். ஒரு கரைக்கு 20 மீட்டர் அகலம். இரண்டு கரைக்கும் 40 மீட்டர். 40,000ஐ 40ஆல் வகுத்தால் 1,000. ஆகவே பத்து ஏக்கர் காடு ஒரு கிலோமீட்டர் ஓடைக்கு இருபுறமும் காவல் நிற்கும்.

மரம் அதே மரம், பரப்பு அதே பரப்பு. செய்கிற ஊழியம் மட்டும் மாறிவிடுகிறது. கூரை ஒழுகும் வீட்டில் ஒரே ஒரு வாளி இருந்தால் அதை எங்கே வைப்போம்? வாளி எத்தனை கேலன் பிடிக்கும் என்பதையா முதலில் பார்ப்போம்? ஒழுகும் இடத்தைத்தான் பார்ப்போம். நிலத்தின் அமைப்பு என்று அறிஞர்கள் சொல்வதும் இதைத்தான்.

இனி உண்மையான ஓர் ஆற்றை எடுத்துக்கொள்வோம். சிலாங்கூர் ஆறு. பிரேசர் மலைப் பக்கத்துக் காடுகளில் பிறந்து, கோலக் குபு பாருவைத் தொட்டு இறங்கி, பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் பெரியவர்கள் அறிந்த பெஸ்தாரி ஜெயாவைக் கடந்து, கோல சிலாங்கூரில் கடலில் சேர்கிறது. நீளம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். மேலே மலைக்காடு, நடுவில் ரப்பரும் செம்பனையும் பழைய ஈயக்குட்டைகளும் தொழிற்சாலைகளும், கீழே சதுப்பு நிலம், முகத்துவாரத்தில் அலையாத்திக் காடு. இந்த நாட்டில் செம்பனை முதன்முதலாக வாணிபப் பயிராக நடப்பட்டதும் இந்த வட்டாரத்தில்தான். 1917ஆம் ஆண்டு, தென்னமரம் தோட்டத்தில். பெயரைக் கேட்டாலே நம் ஆட்கள் அங்கே இருந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது அல்லவா?

மேலே நடப்பது கீழே இருப்பவனை எப்படித் தாக்கும் என்பதற்கு இந்த ஆறே ஒரு பாடம் வைத்திருக்கிறது. கோலக் குபு என்ற பழைய ஊருக்கு மேலே ஒரு மண் அணை இருந்தது. 1883ஆம் ஆண்டு அது உடைந்து ஊரை அடித்துக்கொண்டு போனது, பலர் மாண்டனர். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் சுட்டுவிட்டதால் வந்த வினை என்று உள்ளூரில் ஒரு கதை உண்டு. முதலை கதையை முதலையிடமே விட்டுவிடுவோம். அதற்குப் பிறகு நடந்தது கதையன்று. மேல்பகுதியில் ஈயம் தோண்டியவர்கள் கழுவிவிட்ட மண்ணும் மணலும் வந்து படிந்து ஆற்றின் அடித்தளம் உயர்ந்தது. ஆற்றுப்படுகை ஏற ஏற, ஊர் பள்ளமாகிப்போனது. வெள்ளம் அடிக்கடி புகுந்தது. முடிவில் 1930ஆம் ஆண்டையொட்டி ஊரையே வேறு மேட்டுக்கு மாற்றினார்கள். அதுதான் இன்றைய கோலக் குபு பாரு. பாரு என்றால் புதியது. ஊர்க்காரர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. அவர்கள் குடியிருந்த இடம் மண் வந்து தங்கும் இடமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆற்றங்கரை மரங்கள் இந்த மண்ணைத்தான் வழியில் பிடித்து நிறுத்துகின்றன. மேட்டிலிருந்து ஓடிவரும் கலங்கல் தண்ணீர் கரையோரத்துப் புல், சருகு, வேர் ஆகியவற்றில் மோதி வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் சுமந்து வந்த மண்ணைக் கீழே போட்டுவிடுகிறது. நாம் செம்பனைக்குப் போட்ட உரத்தில் ஒரு பகுதியும் அங்கே தங்கி மரத்துக்கு உணவாகிறது. நிழல் விழுவதால் தண்ணீர் சூடேறுவதில்லை, மீன் நிற்கும். நீர்ப்பாசன, வடிகால் இலாகா ஆற்றின் அகலத்துக்கு ஏற்ப இந்த ஒதுக்கு நிலத்துக்கு அளவு குறித்திருக்கிறது. 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்குக் கரைக்கு 50 மீட்டர். 20 முதல் 40 மீட்டர் வரை அகலமானால் கரைக்கு 40 மீட்டர். 10 முதல் 20 மீட்டர் என்றால் 20 மீட்டர். 5 முதல் 10 மீட்டர் என்றால் 10 மீட்டர். அதிலும் சிறிய ஓடைக்கு 5 மீட்டர். நம் கருத்தில் சிறிய ஓடைக்கு ஐந்து மீட்டர் என்பது மிகக் குறைவு. தோட்டத்து நிலத்திலிருந்து மண் முதலில் போய் விழுவது சின்ன ஓடைகளில்தான். பெரிய ஆறு அவற்றின் கூட்டுத்தொகைதான்.

இதைச் சோதித்துப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்கிறோம். நல்ல மழை பெய்த மறுநாள், பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிப் புட்டிகளை எடுத்துப்போங்கள். கரையில் மரமும் புதரும் உள்ள ஓடையில் ஒரு புட்டி. கரைவரை வெட்டவெளியாகக் கிடக்கும் அல்லூரில் ஒரு புட்டி. இரண்டையும் வீட்டில் ஓரிரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் படிந்த மண்ணை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். ஒரு முறை செய்தால் போதாது. நாலைந்து மழைக்குச் செய்தால் விவரம் புரியும்.

தண்ணீரைப் பற்றி இதுவரை பேசினோம். உயிர்களின் கதை இன்னும் சுவையானது. தோட்டத்தில் செக்ரோலில் பெயர் இல்லாமல், சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நடமாடும் எல்லை ஒன்று உண்டு. அந்த எல்லைக்குள் தங்க இடமும் தின்ன இரையும் இருந்தால்தான் வேலைக்கு வருவார்கள்.

செம்பனைப் பூவில் மொய்க்கும் சின்னஞ்சிறு வண்டை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அது இந்த மண்ணில் பிறந்ததன்று. ஆப்பிரிக்காவின் கெமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்து 1981ஆம் ஆண்டு ஜொகூர், குளுவாங் பக்கத்தில் முதன்முதலாக விட்டார்கள். அதற்குமுன் பூத்தூளை மாவோடு கலந்து பெண் பூக்களில் கையால் ஊதுவது ஒரு தனி வேலையாக இருந்தது. அந்த வேலை செய்த பாட்டிமார்கள் இன்னும் நம்மிடையே இருக்கலாம். வண்டு வந்ததும் அந்த வேலை நின்றது. இந்த வண்டு முட்டையிடுவது செம்பனையின் ஆண் பூவிலேயே. வீடும் கடையும் வேலைத்தலமும் எல்லாம் ஒரே மரக்கூட்டத்தில். அதனால் பக்கத்தில் காடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. எல்லா ஊழியரும் இப்படி இருந்துவிட்டால் இன்றைய பேச்சுக்கே தேவை இருக்காது.

உலாட் புங்குஸ் என்று நாம் சொல்லும் கூட்டுப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டைகளைச் சல்லடையாக்கிவிடும் புழு. பெருவாரியாகத் தாக்கினால் அடுத்த இரண்டாண்டுகளில் விளைச்சலில் நூற்றுக்கு 30, 40 பங்கு போய்விடக்கூடும். குலை குறைந்தால் யாருடைய கூலி குறையும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தப் புழுவுக்குள் முட்டையிட்டு அதைத் தின்றே அழிக்கும் சிறு குளவிகள் உண்டு. குத்திச் சாறு உறிஞ்சும் பூச்சிகளும் உண்டு. கண்டபடி எல்லாவற்றையும் கொல்லும் மருந்தை அடித்தால் புழுவுக்கு முன்பாக இந்தக் குளவிகள்தாம் செத்துப்போகின்றன என்பதையும், பிறகு புழு பல மடங்காகப் பெருகுகிறது என்பதையும் 1960களிலேயே இந்நாட்டுப் பூச்சி ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆனால் வளர்ந்த குளவிக்குப் புழு மட்டும் போதாது. அதற்குத் தேன் வேண்டும். செம்பனைக் காட்டுக்குள் அதற்கு ஏது தேன்? ஆகவேதான் தோட்டச் சாலை ஓரங்களில் மலாய்க்காரர்கள் எட்டுமணிப் பூ என்னும் வெளிர்ப்பூச் செடியையும், இளஞ்சிவப்புக் கொடிரோஸையும் நட்டு வைக்கிறார்கள். அழகுக்கு நட்டது என்று எண்ணிப் புல்லோடு சேர்த்து வெட்டிவிட வேண்டாம். குளவி மிகச் சிறியது, நெடுந்தூரம் பறப்பதில்லை. ஆகையால் பூச்செடிகளை ஆபீசு வாசலில் மட்டும் கூட்டமாக நட்டுப் பயனில்லை. தீம்பாருக்குள் செல்லும் பாதை நெடுகிலும் நீண்ட வரிசையாக வேண்டும். பத்து ஏக்கர் கணக்கில் பார்த்தோமே, அதே நீளமும் அகலமும் இங்கேயும் பேசுகின்றன.

எலியைப் பிடிக்கும் கூகைக்கு எல்லை இன்னும் கொஞ்சம் விரிவானது. செம்பனை வந்தது, உதிரிப்பழம் தின்ன எலி வந்தது, எலியைத் தேடிக் கூகையும் வந்தது. ஆனால் செம்பனையில் பொந்து இல்லையே! முட்டையிட இடம் கிடைக்காத குறையைத் தீர்க்கத்தான் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைக்கிறார்கள். ஏறத்தாழ பத்து ஹெக்டருக்கு ஒரு பெட்டி. கூகைக்கு இரவில் தாழப் பறக்கத் திறந்த நிரை வேண்டும். எலிப்பாஷாணங்களில் சில புதிய வகைகள் எலியின் உடலில் தங்கி, அதைத் தின்ற கூகையையும் கொன்றுவிடும். பெட்டி இருந்தும் குடியிருக்க ஆள் இல்லாமல் போகும். கூகை அலறினால் வீட்டில் சாவு விழும் என்ற பயத்தில் கல்லெறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மலாய் மொழியிலும் அதன் பெயர் பேய்ப்பறவைதான். அது அலறுவது நம் வாசலில் எலி இருக்கிறது என்பதற்கு அடையாளம். எலிதான் சிறுநீர் வழியாக நோயைக் கொண்டுவருகிறது.

இனி மிகத் தொலைவிலிருந்து வேலைக்கு வருகிறவரைப் பார்ப்போம். லயத்துக்குப் பின்னால் டுரியான் மரம் வைத்திருப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள். டுரியான் பூ மாலையில் விரிகிறது. விடிந்து பார்த்தால் இதழும் தாளும் தரையில் மெத்தை போலக் கிடக்கும். அந்த ஒரே இரவில் வேறொரு டுரியான் மரத்துப் பூத்தூள் வந்து சேர வேண்டும். பெரும்பாலான டுரியான் வகைகள் தம் பூத்தூளால் தாமே நன்றாகக் காய்ப்பதில்லை. இரவில் அந்தத் தூளைச் சுமந்து வருவது தேன் குடிக்கும் வௌவால். சரியாகத் தூள் சேராத பூ உதிரும். அல்லது ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் ஒட்டிப்போன பழம் வரும். அப்படிப்பட்ட பழத்தை உடைத்துச் சுளை குறைவாக இருப்பதைக் கண்டு மரத்தைத் திட்டியிருப்போம்.

இந்த வௌவால் எங்கே குடியிருக்கிறது? சுண்ணாம்புக்கல் குகைகளில். நாம் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துச் செல்லும் பத்துமலையில் இருக்கிறது. 1970களில் ஆய்வாளர்கள் பத்துமலை வௌவால்கள் எந்தப் பூவையெல்லாம் தேடிப்போகின்றன என்பதை, அவற்றின் எச்சத்தில் கிடந்த பூத்தூளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். டுரியான் தூளும் பெத்தாய் தூளும் இருந்தன, அது எதிர்பார்த்ததுதான். கடலோரச் சதுப்பில் வளரும் பெரெம்பாங் இன மரங்களின் தூளும் இருந்தது. அந்த மரங்கள் குகையிலிருந்து 38 கிலோமீட்டர் தொலைவில்! ஒரு கை அளவே உள்ள ஜீவன் இரவோடு இரவாகக் கடற்கரைவரை போய்த் திரும்புகிறது.

ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? இங்கேதான் நிலத்தின் அமைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. டுரியான் ஆண்டில் ஓரிரு முறை, சில வாரங்கள்தாம் பூக்கும். மீதி மாதங்களில் வௌவால் பட்டினி கிடக்குமா? பெரெம்பாங் இனம் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பூக்கிறது. வாழைப்பூவும் பெத்தாயும் இடையிடையே கைகொடுக்கின்றன. ஆக, உலு சிலாங்கூரில் ஒரு டுரியான் காய்ப்பதற்குக் கோம்பாக்கில் ஒரு குகையும், கடலோரத்தில் ஒரு சதுப்புக் காடும், நடுவில் பெத்தாய் மரங்களும் வேண்டியிருக்கின்றன. குகைக்கு ஒரு சொந்தக்காரர், சதுப்புக்கு ஒருவர், டுரியானுக்கு ஒருவர். ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். கடலோரத்தில் இறால் குட்டைக்காகப் பெரெம்பாங்கை வெட்டுகிறவர், தூரத்தில் ஒரு பாட்டியின் டுரியான் வருமானத்தில் கைவைக்கிறோம் என்று கனவிலும் நினைப்பதில்லை. குன்றை உடைத்துச் சுண்ணாம்புக்கல் எடுப்பவரும் அப்படித்தான். பூவைக் கெடுக்கிறது என்று எண்ணி மரத்தடியில் வலை கட்டி வௌவாலைப் பிடிப்பவரோ, தம் கையாலேயே தம் காய்ப்பைக் குறைத்துக்கொள்கிறார். பெரிய பழந்தின்னி வௌவாலும் பூவைக் கெடுப்பதில்லை, தூளைத்தான் சேர்க்கிறது என்பதை 2017ஆம் ஆண்டு தியோமான் தீவு ஆய்வு ஒன்று மரத்தில் கேமரா கட்டிக் காட்டியது.

பெரெம்பாங் மரத்தைச் சொன்னதும் கம்போங் குவாந்தான் மின்மினிகள் நினைவுக்கு வரும். பள்ளிச் சுற்றுலாவில் படகில் போய்ப் பார்த்த பிள்ளைகள், மரம் முழுவதும் ஒரே தாளத்தில் மின்னி அணைவதைப் பார்த்து வாய் பிளந்திருப்பார்கள். ஒளிவிடும் மரம் ஆற்றோரத்தில் நிற்கிறது. ஆனால் மின்மினியின் புழு வளர்வது அந்த மரத்திலன்று. மரத்துக்குப் பின்னால் உள்ள ஈரத்தரையில். அங்கே சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. படகுக்காரர் பார்க்கும் முன்வரிசை மரத்தை மட்டும் விட்டுவைத்துப் பின்னால் ஈரத்தரையை வடித்து நட்டுவிட்டால், சில காலத்தில் முன்வரிசை இருண்டுவிடும்.

காடும் தோட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே நன்மைதான் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இந்த விவகாரத்தில் கசப்பான பக்கமும் உண்டு. நெகிரி செம்பிலானில் பாசோ என்ற காடு இருக்கிறது. 1980களின் நடுவிலிருந்து அங்கே 50 ஹெக்டரில் ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள கன்றுவரை ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்துக் கணக்கு எழுதி வருகிறார்கள். அந்தக் காட்டைச் சுற்றிப் பெரும்பகுதி செம்பனை. காட்டுப்பன்றிகள் இரவில் செம்பனைக்குள் வந்து உதிரிப்பழத்தை வயிறு நிறையத் தின்றன, பகலில் காட்டுக்குள் போய்ப் படுத்தன. தின்பதற்கு வரம்பில்லாததால் பெருகிவிட்டன. குட்டி போடும் தாய்ப்பன்றி மெத்தை அமைக்க இளங்கன்றுகளைக் கடித்து முறிக்கும். ஒரு மெத்தைக்கு நூற்றுக்கணக்கான கன்றுகள். காட்டின் ஓரத்திலிருந்து வெகுதூரம் உள்ளேயும் இளமரங்கள் குறைந்துபோயின. வேலியைத் தாண்டிச் செம்பனை கை வைக்கவில்லை. ஆனாலும் செம்பனையின் பழம் பன்றியின் வயிற்று வழியாகக் காட்டை அரித்தது. பன்றி நமக்கும் நல்லது செய்வதில்லை. இளஞ்செம்பனையின் குருத்தைத் தோண்டித் தின்னும். எனவே நீளமான, ஒடுங்கிய காட்டுப்பட்டைக்கு ஓரம் அதிகம். ஓரம் அதிகமானால் சில நன்மைகளும் அதிகம், சில தொல்லைகளும் அதிகம். நாம் முதலில் போட்ட கணக்கில் சதுரக் காட்டின் ஓரம் 800 மீட்டர்தான். ஆற்றோரப் பட்டைகள் இரண்டின் ஓரமும் சேர்ந்தால் 4,000 மீட்டரைத் தாண்டிவிடும். இருவாச்சி போன்ற பறவைகளுக்குப் பட்டையான காடு போதாது. பெரிய மரப்பொந்துள்ள அடர்ந்த பெருங்காடு வேண்டும். ஆகவே சின்னப் பட்டைகள் இருந்தால் மலைக்காடு தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மீண்டும் ஆற்றுக்கு வருவோம். கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்த் தண்ணீரில் பாதிக்கு மேல் இந்தச் சிலாங்கூர் ஆற்றிலிருந்து வருகிறது. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் ரவாங் வட்டாரத்தில் ஒரு தொழிற்கூடத்துக் கழிவு சுங்கை கோங் என்ற சிறிய கிளையாற்றில் கலந்தது. நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 12 இலட்சம் கணக்குதாரர்களுக்குக் குழாயில் தண்ணீர் நின்றது. ஒவ்வொரு கணக்கும் ஒரு குடும்பம், அல்லது ஒரு கடை. கோலாலம்பூரில் வாளியோடு வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் சுங்கை கோங் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? அந்தத் தொழிற்கூடம் ஆற்றின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் இந்த அளவுக்குத் துன்பம் வந்திருக்காது. தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு மேலே இருந்ததுதான் வினை.

சரி, தோட்டத்து எல்லையைக் குறிப்பதும் மரம் நடுவதும் நிர்வாகத்தின் பொறுப்பு. நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நிலத்தின் அமைப்பில் ஒரு பகுதி நம் கையால்தான் தினமும் உருவாகிறது. வெட்டிய மட்டையைச் சரிவில் எப்படிப் போடுகிறோம்? மேலிருந்து கீழாக நீட்டிப் போட்டால் மட்டைக்குப் பக்கத்திலேயே மழைநீருக்கு ஒரு வாய்க்கால் கிடைத்துவிடும். சரிவுக்குக் குறுக்கே படுக்கப் போட்டால் அதுவே ஒரு சிறு வரப்பு. மண்ணும் உரமும் அங்கே தங்கும். செலவில்லாத வேலை. கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். மண்டோர்மார்கள் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். டன் கணக்கைப் பார்த்து அவசரப்படுத்தினால் யாரும் குறுக்கே போட மாட்டார்கள்.

மருந்தடிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஆற்றோர ஒதுக்கு நிலத்தில் களைக்கொல்லி அடிக்கக் கூடாது என்பது விதி. அங்கே தரையில் படர்ந்துள்ள புல்லும் கொடியும் களை அல்ல. மண்ணைப் பிடிக்கும் கை அவைதாம். அங்கே அடி என்று யாராவது சொன்னால், இது ஒதுக்கு நிலமல்லவா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்தத் தண்ணீரில் கீழ்ப்பக்கம் குளிப்பது உங்கள் பிள்ளையாக இருக்கலாம். மருந்துப் புட்டிகளை ஓடையில் கழுவாமலிருக்கவும் அதுவே காரணம்.

செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை வெட்டி மறுநடவு செய்யப்படுகிறது. பழைய நாளில் தண்ணீர் ஓரம்வரை நட்டுவிட்ட தோட்டங்களில், கரையிலிருந்து பின்வாங்கி நடுவதற்கு அந்த ஒரு வேளைதான் வாய்ப்பு. அதைத் தவறவிட்டால் இன்று முதலாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை முப்பது வயதாகித்தான் அடுத்த வாய்ப்பைப் பார்க்கும். உங்கள் தோட்டத்தில் மறுநடவு என்று பேச்சு அடிபட்டால், தொழிற்சங்கக் கிளைத் தலைவரிடம் இதையும் ஒரு கேள்வியாகக் கொடுத்தனுப்புங்கள்: ஓடைக்கு எத்தனை மீட்டர் விடப் போகிறார்கள்?

பல தோட்டங்களில் ஒதுக்கு நிலத்தின் எல்லைச் செம்பனைகளுக்கு நிறப்பூச்சால் அடையாளம் இட்டிருப்பார்கள். ‘ரிசாப் சுங்கை’ என்று பலகையும் இருக்கும். வரும் விடுமுறையில் பிள்ளைகள் அப்பாவையோ அண்ணனையோ அழைத்துக்கொண்டு அந்த அடையாளத்தைத் தேடிப் பாருங்கள். ஓடையின் அகலத்தை நடையால் அளந்து, கரையிலிருந்து வர்ணம் பூசிய மரம்வரை எத்தனை மீட்டர் என்று எண்ணி, நாம் சொன்ன அளவோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதி வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். புட்டிக் கணக்கையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.